ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா

2024 ஜூன்ல ஒரு சனிக்கிழமை மத்தியானம். அக்கா பொண்ணுகிட்டேருந்து போன். காலேஜ் சேரப்போறா, லேப்டாப் வாங்க கடையில நிக்கிறா.

"மாமா, ரைசன் 5 7520யு-ன்னு ஒண்ணு இருக்கு. ரைசன் 5 7530யு-ன்னு இன்னொண்ணு இருக்கு. நாலாயிரம் ரூபா வித்தியாசம். ரெண்டும் ரைசன் 5, ரெண்டும் 7000 சீரிஸ், அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்கார அண்ணா சொல்றாரு. ஒண்ணுதானே?"

எனக்கு உடனே பதில் வரல. பக்கத்துல ஈஸி சேர்ல அப்பா பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தார். போன் ஸ்பீக்கர்ல இருந்ததால அவருக்கும் கேட்டுது. பேப்பரை மடிச்சிட்டு என்னையே பாக்கறார். ஒரு சிரிப்பு வேற. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

இன்னிக்கு உங்களுக்கும் சொல்லிடறேன். கொசுவர்த்திச் சுருளைச் சுத்திக்கோங்க மக்களே.

2004 ஆகஸ்ட். கும்பகோணம். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். படிக்கறது கம்ப்யூட்டர், ஆனா வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது. காலேஜ் லேப்ல ஒரு பொட்டிக்கு மூணு பேர். கீபோர்டு நம்ம கைக்கு வர்றதுக்குள்ள பெல் அடிச்சிரும். அப்பாவுக்கு ஒரு விதை, உரக்கடையில கணக்கு எழுதற வேலை. அக்கா கல்யாணத்துக்குன்னு கட்டிக்கிட்டு வந்த சீட்டு ஒண்ணு இருந்தது. அதை எடுத்து 28,000 ரூபாயை என் கையில குடுத்தார். "டைப்பிங் வேலை, டிடிபி வேலை எடுத்து செஞ்சு அக்கா கல்யாணத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன்பா"ன்னு நான் வீரவசனம் பேசியிருந்தேன். அதை அவர் நம்பினார்.

வாங்கப் போறது பெண்டியம் 4-னு முடிவாயிடுச்சு. சீனியர் அண்ணன் ஒருத்தர் பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தார்: "பி4 2.4சி." சி-க்கு அடியில ரெண்டு கோடு. "சி-யைப் பாத்து வாங்குடா, அதான் முக்கியம்"னார். ஏன் முக்கியம்னு நான் கேக்கல. கேட்டா தெரியாதுன்னு ஆயிடுமே! பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிட்டு டிக்கெட்டை பாக்கெட்ல வெச்சிக்கிட்டேன்.

ராத்திரி ரயிலேறி காலையில சென்னை. ரிச்சி ஸ்ட்ரீட். அந்தத் தெருவை மொதமொதல்ல பாக்கறவனுக்கு திருவிழாவுல காணாம போன மாதிரிதான் இருக்கும். அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டி, பணம் வெச்ச மஞ்சப்பையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு என் பின்னாலயே வந்தார். மூணு கடை ஏறி இறங்கி நாலாவது கடையில விலை படிஞ்சுது. ஆனா கடைக்காரர் சொன்னார்: "2.4சி ஸ்டாக் இல்ல தம்பி. 2.4ஏ இருக்கு. அதே விலைதான். இது அதைவிட புதுசு. கேஷ் டபுள். ரெண்டும் 2.4தானே?"

நான் முழிச்சேன். அப்பா கேட்டார்: "ஏண்டா தம்பி, எழுத்து மாறியிருக்கே. ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்ப்பா. இது இன்னும் புதுசு."

அவர் விடல. கடைக்காரர்கிட்ட திரும்பி, "ஒண்ணுதான்னா எதுக்கு தம்பி வேற எழுத்து போட்டிருக்கான்?"னு கேட்டார். கடைக்காரர் சிரிச்சார். கூட நின்ன ரெண்டு பசங்களும் சிரிச்சாங்க. எனக்கு ஜிவ்வுனு ஏறிடுச்சு. "அப்பா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இருங்க"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

அப்பா சும்மா இருந்தார். பில் போடும்போது மட்டும், "அந்த எழுத்தையும் போட்டுக் குடுங்க தம்பி"ன்னார். கடைக்காரர் '2.4' பக்கத்துல 'ஏ'ன்னு போட்டுக் குடுத்தார். அப்பா அதை மடிச்சு சட்டைப் பையில வெச்சிக்கிட்டார். ஊர் வந்து சேர்ற வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சே இல்லை.

நிற்க. கதையை இங்க நிறுத்திட்டு, அன்னிக்கு எனக்குத் தெரியாம இருந்ததை இப்ப சொல்லிடறேன்.

நம்ம வீட்டுக் குழந்தைகளுக்கு ரெண்டு பேர் இருக்குமில்ல? சர்டிபிகேட்ல ஒண்ணு, வீட்ல கூப்பிடறது ஒண்ணு. பிராசசருக்கும் அப்படித்தான். 'பெண்டியம் 4' சர்டிபிகேட் பேர். 386, 486 மாதிரி வெறும் நம்பரை டிரேட்மார்க் பண்ண முடியாதுன்னு ஆனதாலதான் 1993ல 'பெண்டியம்'ங்கற பேரையே இன்டெல் கொண்டுவந்தாங்க. ஆனா சிப்பை வடிவமைக்கிற காலத்துல அதுக்கு ஒரு வீட்டுப் பேர் இருக்கும். அதுதான் கோட் நேம். இன்டெல்காரங்க அதுக்கு பெரும்பாலும் மேப்ல இருக்கற ஊர், ஆறு பேரா எடுப்பாங்க. கிளாமத், டெஷூட்ஸ், டுவாலடின், வில்லாமெட் எல்லாம் அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்து ஆறுகள்.

விஷயம் என்னன்னா, சர்டிபிகேட் பேர் ஒண்ணா இருக்கும், உள்ள இருக்கற ஆள் வேற. 'பெண்டியம் 4'ங்கற ஒரே பேர்ல வந்தவங்களைப் பாருங்க:

வில்லாமெட் - 2000 நவம்பர். 180 நானோமீட்டர், 256 கேபி கேஷ்.
நார்த்வுட் - 2002 ஜனவரி. 130 நானோமீட்டர், 512 கேபி கேஷ்.
பிரெஸ்காட் - 2004 பிப்ரவரி. 90 நானோமீட்டர், 1 எம்பி கேஷ்.
சீடார் மில் - 2006 ஜனவரி. 65 நானோமீட்டர், 2 எம்பி கேஷ்.

இப்ப 2004 ஆகஸ்ட்ல ஒருத்தர் கடைக்குப் போய் இன்டெல்ல '2.4 கிகாஹெர்ட்ஸ்' குடுங்கன்னு கேட்டா என்னென்ன கிடைச்சிருக்கலாம்? நான் எண்ணிப் பாத்தேன். டெஸ்க்டாப்ல மட்டுமே ஆறு.

1. பெண்டியம் 4 2.4 - நார்த்வுட், 400 பஸ்.
2. பெண்டியம் 4 2.4பி - நார்த்வுட், 533 பஸ்.
3. பெண்டியம் 4 2.4சி - நார்த்வுட், 800 பஸ், ஹைப்பர் த்ரெடிங் உண்டு.
4. பெண்டியம் 4 2.4ஏ - பிரெஸ்காட், 533 பஸ், ஹைப்பர் த்ரெடிங் கிடையாது.
5. செலரான் 2.4 - நார்த்வுட் வகைதான், ஆனா கேஷ் 128 கேபி, பஸ் 400.
6. செலரான் டி 320 - பிரெஸ்காட் வகை, கேஷ் 256 கேபி, பஸ் 533.

ஆறு பேருக்கும் நெத்தியில ஒட்டின நம்பர் ஒண்ணு: 2.4. வினாடிக்கு 240 கோடி துடிப்பு. துடிப்பு ஒண்ணுதான். ஒரு துடிப்புல எவ்வளவு வேலை நடக்குதுங்கறதுதான் வேற.

எங்கப்பா வேலை செஞ்ச உரக்கடையை வெச்சே சொல்றேன். கல்லாப்பெட்டி பக்கத்துல அடுக்கியிருக்கற மூட்டைதான் கேஷ். கேட்டதும் எடுத்துக் குடுத்துடலாம். இல்லைன்னா பின்தெரு குடோனுக்கு ஆள் அனுப்பணும். குடோன்தான் ரேம். கடைக்கும் குடோனுக்கும் நடுவுல இருக்கற சந்துதான் பஸ். சந்து அகலமா இருந்தா நாலு வண்டி ஒண்ணா வரும், குறுகலா இருந்தா ஒவ்வொண்ணா வரும். கேஷ் பெருசா இருந்தா குடோனுக்கு ஓடற வேலை குறையும். சந்து அகலமா இருந்தா ஓடினாலும் சீக்கிரம் வந்துடலாம். ஹைப்பர் த்ரெடிங்னா? தராசு ஒண்ணுதான், வரிசை ரெண்டு. ஒரு வரிசைக்காரர் பையை விரிச்சுக்கிட்டு நிக்கிற நேரத்துல அடுத்த வரிசைக்காரருக்கு எடை போட்டுடலாம். தராசு ரெண்டாயிடாது, ஆனா சும்மா கிடக்கற நேரம் குறையும்.

அப்ப 1 எம்பி கேஷ் இருக்கற 2.4ஏ நல்லதுதானே? கடைக்காரர் பொய் சொல்லலையே? சொல்லலைதான். அங்கதான் இருக்கு சூட்சுமம்.

லாரியிலேருந்து மூட்டை இறக்கறப்ப ஆளுங்க வரிசையா நின்னு கைமாத்தி விடுவாங்க பாருங்க, அதுதான் பைப்லைன். வரிசையில ஆள் கூட ஆக ஆக, ஒவ்வொருத்தரும் நகர்த்தற தூரம் குறையும். அதனால கைமாத்தற வேகத்தை ஏத்தலாம். நார்த்வுட்ல 20 ஆளுன்னா பிரெஸ்காட்ல 31 ஆளு. கிகாஹெர்ட்ஸை ஏத்திக்கிட்டே போகணும்னு போட்ட திட்டம். ஆனா பாதி வழியில, "யோவ், இது யூரியா இல்ல, பொட்டாஷ்யா"ன்னு ஒரு குரல் வந்தா? வரிசையில இருக்கற அத்தனை மூட்டையும் வீண். முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புரோகிராம்ல 'இஃப்' வர்ற இடத்துல எந்தப் பக்கம் போகும்னு பிராசசர் யூகம் பண்ணித்தான் வரிசையை நிரப்பும். யூகம் தப்பினா 20 ஆளு வரிசையைவிட 31 ஆளு வரிசைக்கு நஷ்டம் ஜாஸ்தி. அந்த நஷ்டத்தை ஓரளவு சரிக்கட்டத்தான் கேஷை ரெட்டிப்பாக்கினதும், யூகிக்கிற பகுதியை மேம்படுத்தினதும்.

நீள வரிசையோட லாபம் வேகத்தை ரொம்ப ஏத்தினாத்தான் கிடைக்கும். 2.4ல நிறுத்திட்டா? 31 ஆளுக்குக் கூலி குடுத்து 20 ஆளு வேலை வாங்கின கதை. கூலின்னா கரண்ட், அதாவது சூடு. 2.4சி-க்கு இன்டெல் குடுத்த கணக்கு சுமார் 66 வாட். 2.4ஏ-வுக்கு 89 வாட். பஸ் குறைவு, ஹைப்பர் த்ரெடிங் இல்லை, சூடு மட்டும் கூட. இதுக்குத்தான் சீனியர் அண்ணன் சி-க்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்கார்.

இன்னொரு கூத்து கேளுங்க. இந்த 'ஏ' எப்பவும் கெட்ட எழுத்து கிடையாது. 1998ல செலரான் 300-னு ஒண்ணு வந்தது, கோட் நேம் கோவிங்டன். எல்2 கேஷே கிடையாது. அதே வருஷம் செலரான் 300ஏ வந்தது, கோட் நேம் மெண்டோசினோ. 128 கேபி கேஷ், அதுவும் சிப்புக்குள்ளயே. அங்க 'ஏ'தான் ஹீரோ. 2002ல 2.0-ன்னா பழைய வில்லாமெட், 2.0ஏ-ன்னா நார்த்வுட். அங்கயும் 'ஏ'தான் நல்லவன். 2004ல அதே 'ஏ' பிரெஸ்காட் ஆயிட்டான். ஆக அந்த எழுத்துக்குன்னு தனியா ஒரு அர்த்தமும் இல்லை. 'அதே நம்பர்ல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான், நான் வேற ஆள்'ங்கறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம். செலரான் டி-யில இருக்கற 'டி'க்கும் 2005ல வந்த பெண்டியம் டி-யில இருக்கற 'டி'க்கும்கூட சம்பந்தமில்லை. பின்னதுல ரெண்டு கோர், முன்னதுல ஒண்ணுதான்.

"ஒண்ணுதான்னா எதுக்கு வேற எழுத்து போட்டிருக்கான்?" எங்கப்பா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி பாருங்க. அந்தக் கடையில நின்ன அஞ்சு பேர்ல பிராசசர் பத்தி சரியா யோசிச்சது, அதுவரைக்கும் பிராசசரையே பாக்காத ஒரே ஆள்.

இப்ப கதைக்கு வருவோம்.

பொட்டி வந்தாச்சு. அம்மா அதுக்கு ஓரத்துல கொசுவம் வெச்சு ஒரு உறை தெச்சாங்க. தூசி படக்கூடாதாம். கம்ப்யூட்டர் டேபிள்ல சிபியு வைக்கிறதுக்குன்னு கதவு போட்ட ஒரு அறை இருந்தது. அதுக்குள்ள உறையோட பொட்டி, கதவையும் சாத்தி, மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 89 வாட் அடுப்பை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரி. பாதித் தப்பு எங்க மேலதான், ஒத்துக்கறேன். ஃபேன் மட்டும் மாவு மில்லு மாதிரி கத்திக்கிட்டே இருக்கும்.

மழைக்காலம், பனிக்காலமெல்லாம் ஓடிடுச்சு. 2005 மே வந்தது. ஆய்வேடு ஒண்ணு டைப் அடிக்கிற வேலை கிடைச்சது. 140 பக்கம். பேசின கூலி 1,500 ரூபாய். ஒருநாள் மத்தியானம் இருபது பக்கத்துக்கு மேல அடிச்சு முடிச்ச நேரத்துல, டப்புனு பொட்டி அணைஞ்சுது. கரண்ட் இருக்கு, பொட்டிக்கு உசுரு இல்லை. பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டா வருது, கால் மணி நேரத்துல திரும்ப டப். நடுவுல சேவ் பண்ற நல்ல பழக்கம் அப்ப எனக்குக் கிடையாது. மூணாவது நாள் ஆய்வேட்டுக்காரர் வந்து, பேப்பரை வாங்கிக்கிட்டுப் போயிட்டார்.

பிரவுசிங் சென்டர்ல உக்காந்து மணிக்கணக்காத் தேடினேன். சிபியு-இசட்னு ஒரு சின்ன மென்பொருள் ஒரு சிடியில கிடைச்சுது. பிராசசரோட வீட்டுப் பேரை அது காட்டிக் குடுத்துடும். ஓட்டிப் பாத்தா 'பிரெஸ்காட்'. அப்பத்தான் அப்பா பத்திரமா வெச்சிருந்த அந்த பில்லை எடுத்துப் பாத்தேன். 2.4, பக்கத்துல ஏ. அதுக்கப்புறம் படிச்சுப் படிச்சு, மேல உங்களுக்குச் சொன்னதெல்லாம் ஒவ்வொண்ணாப் புரிஞ்சுது. புரியப் புரிய வயித்தைக் கலக்கிச்சு.

அன்னிக்கு ராத்திரி கரண்ட் கட். திண்ணையில அப்பா விசிறியோட உக்காந்திருந்தார். நானும் போய் உக்காந்தேன். அவர்தான் ஆரம்பிச்சார்.

"அந்த எழுத்துனாலதானா?"

"ஆமாம்ப்பா." கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னேன்: "அன்னிக்கு எனக்கு வித்தியாசம் தெரியாதுப்பா. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

திட்டுவார்னு நெனச்சேன். அவர் வேற கதை சொன்னார்.

அவர் கடையில சேர்ந்த கொஞ்ச வருஷத்துல நடந்ததாம். குறுவைக்கு விதை வாங்க ஒரு விவசாயி வந்தார். ஏடிடி 36 கேட்டார். ஆடுதுறை 36. எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்தான் ஆடுதுறை, அங்க இருக்கற நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம். 36 ஸ்டாக் இல்லை, 38 இருந்தது. "ரெண்டும் ஆடுதுறைதாங்க, ரெண்டும் ஒண்ணுதான், இது புதுசு"ன்னு அப்பா 38ஐ கட்டிக் குடுத்திருக்கார். 36க்கு வயசு 110 நாள். 38க்கு 130 நாளுக்கு மேல, அது சம்பா, தாளடிக்கானது. ஜூன்ல விதைச்சா 36 மழைக்கு முன்னாடி களத்துக்கு வந்துரும். 38 வராது. அந்த வருஷம் ஐப்பசி மழையில கதிர் சாஞ்சு தண்ணியில கிடந்ததாம்.

"அந்த மனுஷன் கடைக்கு வந்தார்டா. சண்டை போடல. நீங்கதானே ரெண்டும் ஒண்ணுன்னீங்கன்னு மட்டும் கேட்டுட்டு நின்னார். அடுத்த போகத்துக்கு விதைமூட்டையை என் சம்பளத்துல குடுத்தேன். அதை வெச்சு அவர் நஷ்டம் சரியாயிடுமா? அதுக்கப்புறம்தான் நான் பில்லுல நம்பரை எண்ணாலயும் போட்டு எழுத்தாலயும் எழுதறது."

அவர் பில்லுல 'ஏடிடி 36 (முப்பத்தாறு)'ன்னு செக் எழுதற மாதிரி எழுதறதை சின்ன வயசுலேருந்தே பாத்திருக்கேன். கிண்டலும் பண்ணியிருக்கேன். ஏன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

நெல்லுக்கும் இந்தக் கோட் நேம் சமாச்சாரம் எல்லாம் உண்டுங்க. ஏடிடி ஆடுதுறை, சிஓ கோயமுத்தூர், ஏஎஸ்டி அம்பாசமுத்திரம். பிபிடி 5204ன்னா ஆந்திராவுல பாபட்லா, கடையில அதுக்குப் பேர் ஆந்திரா பொன்னி. சிஆர் 1009ன்னா கட்டாக், நம்ம பக்கம் வந்து பொன்மணி ஆயிடுச்சு. போர்டுல 'பொன்னி'ன்னு எழுதியிருந்தா எங்கப்பா உள்ள போய் ஒரு பிடி அள்ளிப் பாத்துட்டுத்தான் நம்புவார். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் ரிச்சி ஸ்ட்ரீட்ல நான் 'உங்களுக்குப் புரியாது'ன்னு சொன்னது.

மறுநாள் ரெண்டு பேரும் சேர்ந்து டேபிளோட கதவைக் கழட்டினோம். அம்மா தெச்ச உறை பாத்திரம் பிடிக்கற துணியாச்சு. தூசியைத் தட்டி, பிராசசர் மேல புது பேஸ்ட் தடவி, பொட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழட்டிட்டு ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சோம். மே மாசம் முழுக்க ஃபேன் காத்து பிரெஸ்காட்டுக்கு, விசிறி எங்களுக்கு. :-)

அக்கா கல்யாணம் 2005 ஆவணியில நடந்தது. அதுக்குள்ள நான் சம்பாதிச்சுக் குடுத்தது 6,000 ரூபாய். மீதிக்கு அப்பா வெளியில வட்டிக்கு வாங்கினார். எல்லாப் பழியையும் பிரெஸ்காட் தலையில போட முடியாது. பாதி கரண்ட் கட், பாதி என் சோம்பேறித்தனம். ஆனாலும் அந்த 'ஒண்ணுதாம்ப்பா' மட்டும் நெஞ்சுல முள்ளு மாதிரி கிடந்தது.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அந்த விஷயத்துல ஏமாந்தது நான் மட்டுமில்லை. நீள வரிசை வெச்சு வேகத்தை ஏத்திக்கிட்டே போகலாம்னு நெனச்ச இன்டெல்லே சூட்டுல மாட்டிக்கிட்டு முழிச்சாங்க. பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவேண்டிய டேஜாஸை 2004 மே மாசம் கைவிட்டாங்க. 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 வரும்னு சொல்லிட்டு அதே வருஷம் அக்டோபர்ல அதையும் ரத்து பண்ணினாங்க. இன்னொரு பக்கம், இஸ்ரேல்ல ஹைஃபாவுல இருந்த அவங்க குழு, லேப்டாப்புக்குன்னு சூடு குறைவா பேனியஸ், டோத்தன்னு ஒரு வம்சத்தை வளர்த்துக்கிட்டு இருந்தது. 2006 ஜூலையில வந்த கோர் 2 டியோ அந்த வம்சம்தான். கிகாஹெர்ட்ஸ் நம்பர் குறைஞ்சுது, வேகம் கூடிச்சு. நம்பரைப் பாத்து வாங்கின எல்லாருக்கும் அது ஒரு பாடம்.

நடுவுல ஒரு சின்ன சமாச்சாரம். 2014 ஜனவரியில ஏஎம்டி ஒரு பிராசசர் விட்டாங்க. கோட் நேம் காவேரி. ஆமாம், நம்ம காவேரிதான். அடுத்த வருஷம் அதையே கொஞ்சம் மெருகேத்தி கோதாவரின்னு விட்டாங்க. அப்பாகிட்ட ஓடிப்போய் சொன்னேன். "காவேரியா? அதுலயாவது தண்ணி வருதா?"ன்னு கேட்டுட்டு கொல்லைப்பக்கம் போயிட்டார்.

சரி, மருமகப் பொண்ணு இன்னும் லைன்ல இருக்கா. (போன்ல இவ்வளவு நேரமான்னு கேக்காதீங்க, பதிவுல அப்படித்தான்.)

"ஒண்ணு இல்லம்மா"ன்னேன். "அந்த நாலு நம்பர்ல மூணாவதைப் பாரு. என்ன இருக்கு?"

"ஒண்ணுல 2, இன்னொண்ணுல 3."

"அதுதான் உள்ள இருக்கற ஆளு யாருன்னு சொல்ற நம்பர்."

ஏஎம்டி 2022 செப்டம்பர்ல அறிவிச்ச முறை அது. முதல் நம்பர் வருஷம், 7-ன்னா 2023. மூணாவது நம்பர் கட்டமைப்பு. 7520யு-ன்னா ஜென் 2, நாலு கோர். 7530யு-ன்னா ஜென் 3, ஆறு கோர். 7535யு-ன்னா ஜென் 3 பிளஸ். 7540யு-ன்னா ஜென் 4. நாலுக்கும் சர்டிபிகேட் பேர் 'ரைசன் 5' தான். ஜென் 2 மொதல்ல வந்தது 2019ல, ஜென் 4 வந்தது 2022ல. 7520யு-வைப் பழசுன்னு ஒரேயடியா ஒதுக்கவும் முடியாது. 6 நானோமீட்டர்ல செஞ்ச சிப்பு, கிராபிக்ஸ் புது வகை, கரண்ட் கம்மியா எடுக்கும். ஆனா அதோட ரேம் போர்டுலயே பத்தவெச்சு வரும், பின்னாடி கூட்டிக்க முடியாது. பாட்டு, படம், பாடம் பாக்க அது போதும். இவ நாலு வருஷம் கோடு எழுதப்போறவ. அதுக்கு ஆறு கோர்தான் சரி, ரேமும் கூட்டிக்கற மாதிரி இருக்கணும்.

அந்த 7520யு-வோட கோட் நேம் என்ன தெரியுமா? மெண்டோசினோ. 1998ல செலரான் 300ஏ-வுக்கு இன்டெல் வெச்ச அதே பேர்! கம்பெனி வேற, காலம் வேற, சரக்கு வேற. வீட்டுப் பேரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பக்கூடாதுன்னு சொல்ல இதைவிட உதாரணம் வேணுமா?

இதையெல்லாம் அவளுக்கு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சேன். அவ கடைசியா கேட்டா: "அப்ப அந்த அண்ணா பொய் சொல்றாரா மாமா?"

"பொய் இல்லம்மா. அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்திருக்கும்."

சொல்லிட்டுத்தான் கவனிச்சேன், அப்பா என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். கையை நீட்டி போனை வாங்கினார். எழுபத்தெட்டு வயசு, காது கொஞ்சம் மந்தம், அதனால குரல் மட்டும் பெருசு.

"ஏம்மா, தாத்தா பேசறேன். எதை வேணா வாங்கு. பில்லுல முழு நம்பரையும் போட்டு வாங்கு. கடைசி எழுத்தோட."

டிஸ்கி: அந்த பிரெஸ்காட் 2011 வரைக்கும் உழைச்சுது. இப்ப பரண்ல இருக்கு. பில்லு அப்பாவோட டிரங்குப் பெட்டியில இருக்கு. உங்க வீட்டுப் பரண்ல என்ன ஆறு ஓடுது, என்ன ஊரு தூங்குதுன்னு ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மக்களே.